ராமப்பன் பெயரில் திம்மராயன் கண்

சனிக்கிழமைக்குள் கண்ணில் கோளாறு இல்லை என்னும் சீட்டைக் கொண்டுவந்து கொடுக்காவிட்டால் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று காண்ட்ராக்டர் ராமப்பனிடம் கூறிவிட்டார். இறங்கிய பிறகு என்ன செய்வது என்று ராமப்பன் கேட்டதற்கு, பேக்கிங் பகுதியில் அமர்ந்து அட்டைப்பெட்டி மடிக்கலாம் என்று விடை வந்தது. பிறர் மடித்த பெட்டிகளை வாழ்நாளெல்லாம் உயரத் தூக்கிச் சென்று அடுக்கிய ஒருவருக்கு இதைவிடப் பெரிய வீழ்ச்சி இருக்க முடியாது. அன்று இரவு அவர் களி உருண்டையைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

கெலமங்கலம் சாலையில் உள்ள முத்தேனப்பள்ளி ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கண்ணின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் கருவி ஒன்று புதிதாக வந்திருந்தது. கண் அழுத்த நோயின் அறிகுறி தெரிகிறதா என்பதைப் படத்தைப் பார்த்துச் செயற்கை அறிவு கூறிவிடும். நாற்பது வயதைக் கடந்த எவரும் கட்டணமின்றிச் சோதித்துக்கொள்ளலாம். கட்டணமின்றி என்னும் சொல் காண்ட்ராக்டரின் காதில் விழுந்த அன்றே, தம் ஓட்டுநர் அனைவரும் அங்கிருந்து சீட்டு வாங்கி வர வேண்டும் என்று அவர் ஆணையிட்டார்.

ராமப்பனுக்குத் தம் கண்களின்மீது நம்பிக்கை இல்லை. அந்த மாதத்தில் மட்டும் இரண்டு முறை, கிடங்கின் இரும்பு அடுக்கில் வண்டியை மோதியிருந்தார். முதல் முறை பழியை அடுக்கின்மீது போட்டார். அடுக்கு மறுத்துப் பேசவில்லை. இரண்டாம் முறை சூப்பர்வைசர் அருகிலேயே நின்றிருந்தார். செய்தித்தாள் படிப்பதற்கென்று சந்தையில் வாங்கிய கண்ணாடி தமக்கு ஒரு மேலாளரின் களையைத் தருவதாக ராமப்பன் உணர்ந்திருந்ததால், அதை வேலை நேரத்திலும் கழற்றுவதில்லை. கண்ணாடி போட்டும் இடிக்கிறதென்றால் பார்வை முழுவதும் போய்க்கொண்டிருக்கிறது என்பதே அவர் கண்ட முடிவு.

ஓசூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் மருத்துவப் பரிசோதனை என்பது நோயைக் கண்டறியும் வழியன்று. வேலைக்குள் நுழையும் வாசல். வாசல் என்றால் கடந்துதானே ஆக வேண்டும்? சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு போனவர்கள் அங்கு உண்டு. பலகை மாற்றப்பட்ட ஆண்டில், சுவரில் இல்லாத எழுத்துகளைத் தடுமாறாமல் ஒப்பித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. எடை போதாதவன் உள்பையில் நட்டும் போல்ட்டும் நிரப்பிக்கொண்டு தராசில் ஏறுவான். சர்க்கரை உள்ளவர் தம்பியின் சிறுநீரைக் கொண்டுபோவார். மூச்சு ஊதும் சோதனைக்கு, நாகஸ்வரம் வாசிக்கும் பங்காளி வருவார். எனவே, கண் சோதனைக்குக் கண் நன்றாக இருப்பவரை அனுப்புவதை அங்கு எவரும் ஏமாற்று வேலையாகக் கருதுவதில்லை. உறவு என்பது பின் எதற்கு?

"நான் இருக்கிறப்போ நீ எதுக்கு மாமா போற?" என்றார் திம்மராயன்.

திம்மராயன் ராமப்பனின் மனைவி ஜோதியம்மாளுக்குத் தம்பி. கம்பெனி அணிகள் மோதும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் போட்டிகள் அனைத்துக்கும் அவரே அம்பயர். தளிச் சாலையின் வளைவில் வரும் பேருந்தை மற்றவர்கள் காண்பதற்கு முன்பே, அதன் பலகை தமிழில் இருந்தாலும் கன்னடத்தில் இருந்தாலும், அவர் படித்துவிடுவார். அத்தகைய கண்கள் குடும்பத்தில் இருக்கும்போது அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவது வீண்செலவு என்று ராமப்பனும் ஒப்புக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, ராமப்பனின் ஆதார் அட்டையோடும் அலைபேசி எண்ணோடும் திம்மராயன் சுகாதார நிலையத்திற்குச் சென்றார். கண்மணி தானாக விரிவதற்காக அந்த அறையை இருட்டாக வைத்திருந்தார்கள். அங்கு இருந்தவர் கண் மருத்துவ உதவியாளர் மெஹ்னாஸ். ஓசூரிலிருந்து அண்மையில்தான் மாற்றலாகி வந்தவர். இருட்டில் அவர் அட்டையை உற்றுப் பார்த்தார். அதில் இருப்பது ராமப்பனா, திம்மராயனா, மழையில் நனைந்த கோழியா என்பதைப் பகல் வெளிச்சத்திலும் எவராலும் கூற முடியாது.

"பேரு?"

"ராமப்பன்."

"வயசு?"

இதை அவர்கள் ஒத்திகை பார்க்கவில்லை. "கார்டுல இருக்குமே மேடம்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"பொறந்தப்போ நான் ரொம்பச் சின்னப் பையன் மேடம். ஞாபகம் இல்ல."

வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்ததால் மெஹ்னாஸ் அதற்குமேல் கேட்கவில்லை. "தாடையை இதுல வைங்க. உள்ள பச்சையா ஒரு புள்ளி தெரியும், அதையே பாருங்க. இமைக்காதீங்க."

"அம்பயர் கண்ணு மேடம். இமைக்காது."

"ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறீங்கன்னுதானே காண்ட்ராக்டர் சொல்லியிருந்தாரு?"

"ஃபோர்க்லிஃப்ட்டுக்கு அம்பயரு மேடம்."

வெளிச்சம் இரு முறை பளிச்சிட்டது. கிருஷ்ணகிரியில் உள்ள கண் மருத்துவரும் படத்தை ஒருமுறை பார்த்த பிறகு அலைபேசியில் அழைப்பதாக மெஹ்னாஸ் கூறினார். திம்மராயன் வெளியே வந்து, "செஞ்சுரி அடிச்சாச்சு மாமா" என்று, வெளியே காத்திருந்த ராமப்பனின் தோளில் தட்டினார். இருவரும் பஜ்ஜி தின்றுவிட்டு வீடு திரும்பினார்கள்.

புதன்கிழமை மாலை அழைப்பு வந்தது.

"ராமப்பன் ஐயாவா? உங்க ரெண்டு கண்ணுலயும் பார்வை நரம்புல மாற்றம் இருக்கும்னு மெஷின் சந்தேகப்படுது. இடது கண்ணுல அதிகம். டாக்டரும் படத்தைப் பாத்துட்டு வரச் சொல்றாரு. கண் அழுத்த நோயா இருக்கலாம், கிளாக்கோமான்னு சொல்லுவாங்க. கிருஷ்ணகிரிக்குப் போய் முழுசா டெஸ்ட் பண்ணினாத்தான் உறுதியாத் தெரியும். அதுவரைக்கும் உங்களுக்குச் சீட்டு குடுக்க முடியாதுங்கய்யா."

ராமப்பன் உர மூட்டையின்மீது சரிந்து அமர்ந்தார். "ஜோதி, நான் நினைச்சேன். என் கண்ணு போச்சு."

"நீங்க எங்கங்க போனீங்க? போனவன் என் தம்பி" என்றார் ஜோதியம்மாள்.

ராமப்பன் துள்ளி எழுந்தார். தம் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்னும் மகிழ்ச்சியில் இரண்டு கைகளையும் தட்டினார். தட்டியபடியே மனைவியின் முகத்தைப் பார்த்தவர், தட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கொசுவை அடித்தவர்போலத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அமர்ந்தார். அதன் பின்னரே, நோய் யாருடையதாக இருந்தாலும் அது ஏறியிருப்பது தம் பெயரில் என்பதும், சனிக்கிழமைக்கு இடையில் இரண்டு பகல்களே உள்ளன என்பதும் அவருக்கு உறைத்தன. இனி அமர்வதற்கு இடமில்லாததால், மூட்டையிலேயே சற்றுப் பின்னுக்குச் சாய்ந்துகொண்டார்.

திம்மராயன் வரவழைக்கப்பட்டார். செய்தியைக் கேட்டு அவர் சிறிதும் கலங்கவில்லை.

"மெஷினுக்கு அறிவு இருக்குதுன்னு சொல்றாங்கல்ல? அறிவு இருக்கிறது என்ன பண்ணும்? ஆதார் நம்பரைப் பாக்கும். இது ராமப்பன், ரேக்குல ரெண்டு தடவ இடிச்ச ஆளுன்னு கண்டுபிடிக்கும். உன் நோயை உனக்குத்தான் மாமா சொல்லியிருக்குது. என் கண்ணு சும்மா நடுவுல நின்னுது."

"ரேக்குல இடிச்சது அதுக்கு எப்படிடா தெரியும்?"

"எல்லாம் நெட்ல இருக்கும் மாமா."

தாம் இடித்தது நெட்டில் இருக்கிறது என்று கேட்டதும் ராமப்பனுக்கு வியர்த்துவிட்டது.

"நெட்டும் வேணாம், கொட்டும் வேணாம்" என்றார் ஜோதியம்மாள். "நாளைக்கு நீ போய் உன் பேர்ல கண்ணைக் காட்டு. இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

"என்னாக்கா பேசற நீ? வெள்ளிக்கிழம செமி. ஞாயித்துக்கிழம ஃபைனல். அம்பயருக்குக் கண்ணுல கோளாறுன்னு ஒருத்தன் காதுல விழுந்தாப் போதும், இத்தன வருசமா நான் குடுத்த அவுட்டையெல்லாம் தோண்டி எடுப்பானுங்க. பாதி ஓசூரு வாசல்ல வந்து நிக்கும்."

"கண்ணு போயிட்டா என்னாடா பண்ணுவ?"

"கண்ணு போனாப் போவட்டும்கா. பேரு போவக் கூடாது."

"பேருக்கென்ன, அதை மாமாகிட்டக் குடுத்துட்டு நல்லாத்தானே சுத்திக்கிட்டு இருக்க!"

திம்மராயன் கோபித்துக்கொண்டு புறப்பட்டார். போகும்போது, இடப்புறம் இருந்த தண்ணீர்க் குடத்தை உதைத்துவிட்டு, குடத்தை அங்கே வைத்தவர் யார் என்று கேட்டார். அது அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கும் குடம்.

வியாழக்கிழமை முழுவதும் திம்மராயன் அலைபேசியை எடுக்கவில்லை. வேறு வழியின்றி, வெள்ளிக்கிழமை காலை ராமப்பன் தாமே சோதனைக்குச் செல்வதென்று துணிந்தார். இதற்கு முன் எந்தப் பரிசோதனைக்காவது தம் உடலைத் தாமே எடுத்துச் சென்றிருக்கிறோமா என்று நினைத்துப் பார்த்தார். அப்படியொரு நிகழ்ச்சி நினைவுக்கு வரவில்லை. ஜோதியம்மாள் உடன் சென்றார். இருட்டறையில் தாடையை வைத்தபோது ராமப்பனின் பற்கள் தடதடத்ததால் முதல் இரண்டு படங்களும் கலங்கிவிட்டன. மூன்றாவது படம் தெளிவாக விழுந்தது.

மெஹ்னாஸ் கையிலிருந்த திரையைப் பார்த்தார். அறிகுறி எதுவும் இல்லை என்று திரை கூறியது. அவர் கருவியின்மீது ஐயம் கொண்டு அதன் வில்லையைத் துடைத்துவிட்டு மறுபடியும் எடுத்தார். அப்போதும் எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து விளக்கைப் போட்டார்.

"ஐயா, இது செவ்வாய்க்கிழமை எடுத்த உங்க கண்ணு. இது இப்போ எடுத்த உங்க கண்ணு. இந்த ரத்தக்குழாய் போற வழியைப் பாருங்க. அதுல இப்படி வளையுது, இதுல நேராப் போகுது. மூணு நாள்ல கண்ணுக்குள்ள யாரும் பைபாஸ் ரோடு போட மாட்டாங்க. ரெண்டும் ஒரே ஆளோட கண்ணு இல்ல."

"கெரகம் மாறியிருக்கும்மா" என்றார் ராமப்பன்.

ஜோதியம்மாளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. காண்ட்ராக்டர், அட்டைப்பெட்டி, இரும்பு அடுக்கு, தம்பி, பேருந்துப் பலகை, பஜ்ஜி வரை அனைத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, "இவரைத் திட்டுங்கம்மா, பரவால்ல. என் தம்பி கண்ணைக் காப்பாத்துங்க" என்று முடித்தார்.

மெஹ்னாஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் ராமப்பனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அக்கா, இந்த நோய்க்கு வலி கிடையாது. ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா மறைச்சுக்கிட்டே வரும். நேராப் பாக்கிறது கடைசி வரைக்கும் பளிச்சுன்னு இருக்கும். அதனாலதான் தனக்கு ஒண்ணும் இல்லன்னு சாதிப்பாங்க. போன பார்வை திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாத்தலாம். ஆனா காப்பாத்த வேண்டிய ஆளு இங்க பதிவுலயே இல்லையே? பதிவுல இருக்கிறவருக்கு நோய் இல்ல."

"அப்போ என் சீட்டு?" என்றார் ராமப்பன்.

"உங்க மச்சான் வந்து அவர் பேர்ல உக்காரட்டும். ரெண்டு படமும் ஒண்ணுதான்னு தெரிஞ்சதும், பழசு தப்பான பேர்ல ஏறிடுச்சுன்னு எழுதி, உங்க சீட்டை இங்க இருக்கிற டாக்டர்கிட்டக் கையெழுத்துக்கு வைக்கிறேன். அவர் வராம என்னால ஒண்ணும் பண்ண முடியாது." பிறகு ராமப்பனின் முகத்தைக் கூர்ந்து நோக்கினார். "ஐயா, இந்தக் கண்ணாடியை எப்பல்லாம் போடுவீங்க?"

"எப்பவுமேதாம்மா."

"இது பேப்பர் படிக்கிற கண்ணாடி. இதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டினா, தூரத்துல இருக்கிற ரேக்கு எங்க நிக்குதுன்னு எப்படித் தெரியும்?"

தம் துயரமனைத்தும் சந்தையில் பிளாஸ்டிக் விரிப்பின்மீது வாங்கப்பட்டது என்பதை ஏற்க ராமப்பனுக்குச் சற்று நேரம் பிடித்தது. இவ்வளவு மலிவான நோய்க்காகவா இரண்டு இரவுகள் அழுதோம் என்று அவருக்கு அவமானமாகக்கூட இருந்தது. ஜோதியம்மாள் அந்தக் கண்ணாடியைக் கழற்றித் தம் பைக்குள் போட்டுக்கொண்டு, "வண்டியை எடுங்க" என்றார்.

இரவு ஷிப்ட் முடித்தவர்கள் ஆடும் அரையிறுதி, சிப்காட்டை ஒட்டிய மைதானத்தில் முற்பகலிலேயே தொடங்கியிருந்தது. திம்மராயன் வெள்ளைத் தொப்பியோடு, பந்து வீசும் முனையில் ஸ்டம்புகளுக்குப் பின்னால் குனிந்து நின்றிருந்தார். எதிர்முனையில் மட்டையைப் பிடித்திருந்தவர் ஹரீஷ்குமார். டயர்க் கம்பெனி அணியின் கேப்டன். ராமப்பன் மொபெட்டைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, ஓவர் முடியட்டும் என்றார். ஜோதியம்மாளுக்கு ஓவர் என்றால் என்ன என்று தெரியாது. அவர் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மைதானத்தின் இடப்புற எல்லையிலிருந்து ஆடுகளத்தை நோக்கி நேராக நடக்கத் தொடங்கினார். அன்று அவர் உடுத்தியிருந்தது இரத்தச் சிவப்புச் சேலை.

எல்லைக்கோட்டில் நின்றவன், "அக்கா, மேட்ச் நடக்குதுக்கா" என்றான்.

"நடக்கட்டும்பா. நான் ஓரமாப் போறேன்" என்று கூறிவிட்டு அவர் நடுவிலேயே போனார்.

ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். விக்கெட் கீப்பர் கையுறையைக் கழற்றினார். ஓடிவரத் தொடங்கிய பந்து வீச்சாளர் பாதியில் நின்றார். ஹரீஷ்குமார் மட்டையைக் கீழே வைத்துவிட்டு விலகினார்.

"ஏன்டா வெலகுற?" என்று திம்மராயன் அதட்டினார். "பூச்சி எதாச்சும் பறக்குதா?"

"அண்ணே, உங்களுக்கு லெஃப்ட்ல…"

"லெஃப்ட்ல என்னாடா? ஒழுங்கா நில்லு. டைம் வேஸ்ட் பண்ணினா ரன் கட் பண்ணுவேன்."

அந்நேரம் ஜோதியம்மாள் அவருக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடும் தொலைவில் வந்து நின்றுகொண்டிருந்தார். மைதானம் முழுவதும் அவரைப் பார்த்தது. திம்மராயன் ஹரீஷ்குமாரை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தார்.

"திம்மா."

திம்மராயன் குதித்த குதியில் தொப்பி ஒருபுறமும் ஸ்டம்பின் மேலிருந்த பெயில் கட்டை ஒருபுறமும் விழுந்தன. "எப்பக்கா வந்த? எங்கிருந்து வந்த?"

"வண்டியை நிறுத்தின எடத்துல இருந்து நேரா நடந்து வர்றேன்டா. ஊரே பாத்துது."

திம்மராயன் திரும்பி, பக்கத்தில் நின்ற ஆட்டக்காரனிடம் கேட்டார். "நீ பாத்தியா?"

"பாத்தண்ணே."

"நீ?"

"செவப்புச் சீலைண்ணே. எப்படிண்ணே பாக்காம இருக்கிறது?"

அவர் எல்லைக்கு வெளியே டீக் கேன் வைத்திருந்தவரை நோக்கிக் குரல் கொடுத்தார். "யோவ், நீ பாத்தியா?"

"அக்காவுக்குத் தண்ணியே நான்தானே குடுத்தேன்!" என்று அங்கிருந்து விடை வந்தது.

எவரும் சிரிக்கவில்லை என்று கூற முடியாது; ஆனால் திம்மராயனின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மறுபடியும் ஹரீஷ்குமாரை நேராகப் பார்த்தபடியே நின்று, தம் இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே கையை மெல்ல மெல்ல முன்னால் கொண்டுவந்தார். கை வெகுதூரம் முன்னால் வந்த பிறகே விரல்கள் அவர் கண்ணில் பட்டன; ஆட்டுவதை நிறுத்தினார். அதைக் கண்ட பந்து வீச்சாளருக்கும் ஐயம் தொற்றிக்கொண்டது. அவரும் கையை நீட்டி விரலை ஆட்டினார். பிறகு விக்கெட் கீப்பர். சற்று நேரத்தில் இரண்டு அணிகளும், டீக்காரரும், எல்லையில் நின்ற ராமப்பனும் கைகளை விரித்து, முன்னால் வெறித்தபடி விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையில் சென்ற கம்பெனிப் பேருந்தில் இருந்தவர்கள், மைதானத்தில் ஏதோ புதிய யோகாசனம் நடப்பதாக எண்ணிக் கையசைத்தார்கள்.

"எனக்கு இங்கயே தெரியுது" என்றார் ஹரீஷ்குமார், காதுக்கு நேரே கையை வைத்துக்கொண்டு. பிறகு தயங்கினார். "அண்ணே, லீக் மேட்ச்ல எனக்கு ஒரு ரன் அவுட் குடுத்தீங்களே…"

"அது அவுட்டுதான்டா" என்றார் திம்மராயன் உடனே. சற்றுக் கழித்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "நீ எந்தப் பக்கம் ஓடின?"

"உங்க லெஃப்ட் பக்கம்ணே."

திம்மராயன் தரையில் கிடந்த பெயிலை எடுத்து ஸ்டம்பின்மீது கவனமாக வைத்தார். "மன்னிச்சுக்கடா" என்றார். அந்த மைதானத்தில் அவர் அச்சொல்லைக் கூறியதை அதற்கு முன் எவரும் கேட்டதில்லை. ஹரீஷ்குமார் பதறிப்போய், "அய்யோ விடுங்கண்ணே, நான் எப்படியும் அடுத்த பால்ல அவுட் ஆயிருப்பேன்" என்றார். தொப்பி பந்து வீச்சாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரே மொபெட்டில் மூவரும் ஏறினார்கள். ஜோதியம்மாள் நடுவில் அமர்ந்தார். தம்பி தப்பிவிடாமல் இருக்க அவருடைய சட்டையின் நுனியைச் சுகாதார நிலையம் வரை விடவில்லை.

இம்முறை திம்மராயன் தம் பெயரையும் வயதையும் கேட்கும் முன்பே கூறினார். வெளிச்சம் பளிச்சிட்டது. மெஹ்னாஸ் படங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"இதேதான். செவ்வாய்க்கிழமை வந்தது நீங்கதான்."

"தேர்ட் அம்பயரு யாராச்சும் இருக்காங்களா மேடம்?"

"இருக்காங்க. கிருஷ்ணகிரியில. மெஷின் சந்தேகம்தான் சொல்லும். முடிவு அவங்கதான் சொல்லணும். கண்ணோட அழுத்தம் பாப்பாங்க, ஓரப் பார்வை எவ்வளவு இருக்குதுன்னு பாப்பாங்க. நோய் உறுதியானா சொட்டு மருந்து குடுப்பாங்க. தினமும் விடாம போடணும். இன்னும் ரெண்டு வருசம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா நான் சொல்றதுக்கு எதுவும் மிச்சம் இருந்திருக்காது."

திம்மராயன் கருவியிலிருந்து தாடையை எடுத்தார். பிறகு ராமப்பனின் பக்கம் திரும்பினார். "மாமா, உனக்கு பதிலா நான் வந்தது நல்லதாப் போச்சு. நீ வந்திருந்தா என் கண்ணை யாரு பாத்திருப்பா?"

"அதான்டா" என்றார் ராமப்பன் பெருமையோடு, ஏதோ இவை அனைத்தையும் தாமே திட்டமிட்டவர்போல. ஜோதியம்மாள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

நிலையத்தின் மருத்துவர் ஒரு கூட்டத்திற்குச் சென்றுவிட்டதால் சீட்டுக்குச் சனிக்கிழமை காலையில்தான் கையெழுத்து கிடைக்கும் என்று மெஹ்னாஸ் கூறினார். ஷிப்ட் தொடங்குவதற்கு முன் வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று ராமப்பன் கணக்கிட்டார்.

ஆனால் மைதானத்தில் நடந்ததைக் கேள்விப்படாத கம்பெனி அதற்குள் ஓசூரில் இல்லை. சனிக்கிழமை காலை ராமப்பன் சென்று சேர்ந்தபோது, சுகாதார நிலையத்தின் வாசலிலிருந்து புளியமரத்தையும் தாண்டிச் சாலை வரை வரிசை நின்றது. நின்றவர்கள் அனைவரும் இருவர் இருவராக நின்றார்கள். பெயின்ட் கம்பெனிக்காரர் மைத்துனரோடு. வெல்டர் ஒருவர் சித்தப்பா மகனோடு. கிரேன் ஓட்டுநர் ஒருவர், தமக்காகக் கண்ணைக் காட்டிய பக்கத்து வீட்டுக்காரரைக் கெலமங்கலத்திலிருந்து பேருந்துச் செலவு கொடுத்து அழைத்து வந்திருந்தார். ஒவ்வொரு இணையிலும் ஒருவர் மற்றவரின் கண்ணை ஐயத்தோடு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் வரை நலமாக இருந்த பலரும் பக்கவாட்டில் விரல்களை ஆட்டியபடி நின்றிருந்தார்கள்.

கிருஷ்ணகிரிக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்க வந்திருந்த திம்மராயன், கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேருந்து வரும் வரை வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஏற்றிருந்தார்.

"நோயாளி வலது பக்கம், நோயாளிக்கு பதிலா வந்தவங்க லெஃப்ட் பக்கம்! கலந்து நிக்காதீங்கப்பா!"

"அண்ணே, யாரு நோயாளின்னு தெரியாமத்தானே வந்திருக்கோம்?" என்றது ஒரு குரல்.

உள்ளிருந்து மெஹ்னாஸ் வெளியே வந்தார். வரிசையை அடி முதல் நுனி வரை பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் கண்களை மூடித் திறந்தார். வரிசை அப்படியே நின்றது.

"எல்லாரும் அவங்கவங்க ஆதாரோட உள்ள வாங்க" என்றார். "ஒருத்தருக்கு ரெண்டு கண்ணு. அதுக்கு மேல யாரும் கொண்டு வரக் கூடாது."

ராமப்பன் ஓரமாக நழுவி முன்னால் சென்றார். ஷிப்ட் மணிக்கு இன்னும் சிறிது நேரமே இருந்தது. வாசலில் நின்ற வெல்டர் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார்.

"பெரியவரே, வரிசையில வாங்க."

"நான் சோதனைக்கு வரலப்பா. என் சீட்டை வாங்கத்தான் வந்தேன்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. உங்களுக்கு பதிலா வந்த ஆளு எங்க?"

ராமப்பன் திரும்பிப் பார்த்தார். திம்மராயன் சாலையின் நடுவே நின்று, வரிசையை மறித்த ஒரு மாட்டை வலப்புறமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். ராமப்பன் வெல்டரின் கையை மெல்ல விலக்கினார்.

"எனக்கு பதிலா நான்தான்பா வந்திருக்கேன்" என்று கூறிவிட்டு உள்ளே சென்று, தம் சீட்டைத் தம் கையால் வாங்கினார்.